யானைத் தெருவுக்குள் ஒர்நெல்லா

வெளியூர்க்காரர்களுக்குச் சியேனா நகரத்தைச் சுற்றிக் காட்டுவதுதான் ஒர்நெல்லாவின் பிழைப்பு. ஆனால் ஊர் முழுக்கக் காட்டுவாள் என்று நினைத்துவிட வேண்டாம். சலிகோத்தோ தெரு முனை வந்ததும், கூட்டத்துக்கு அடையாளமாக அவள் தூக்கிப் பிடித்த குடை வேறு பக்கம் திரும்பிவிடும். பின்னால் வருகிற கூட்டமும் திரும்பும். அங்கே என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், "சாக்கடை வேலை நடக்குது" என்பாள். இருபது வருஷமாகச் சாக்கடை வேலை நடக்கிற தெரு உலகத்திலேயே அது ஒன்றுதான்.

சாக்கடையாவது மண்ணாவது! அது யானைப் பேட்டைத் தெரு. ஒர்நெல்லாவோ வாத்துப் பேட்டையில் பிறந்தவள். சியேனாவில் பேட்டைக்கொரு சின்னம் உண்டு, கோடையில் நடக்கும் குதிரைப் பந்தயத்தில் பேட்டைகள்தான் குதிரை விட்டு மோதிக்கொள்ளும். குதிரைப் பந்தயம் நெருங்கிவிட்டால் இந்த இரண்டு பேட்டைக்காரர்களும் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். வாத்து ஜெயிக்காவிட்டாலும் போகிறது, யானை ஜெயிக்கக் கூடாது. யானை தோற்றால்தான் ஒர்நெல்லாவுக்கு ராத்திரி சாப்பாடு இறங்கும்.

அவளுடைய தங்கை நீவெஸ், போயும் போயும் யானைப் பேட்டை குவால்தியேரோவைக் கட்டிக்கொண்டாள். சரி, தொலையட்டும். கல்யாணமானாலும் பந்தய வாரத்தில் அவரவர் பிறந்த பேட்டைக்குத் திரும்பிவிடுவதுதான் ஊர் வழக்கம். நீவெஸ் திரும்பவில்லை. போதாக்குறைக்கு, தனக்குப் பிறந்த பையனுக்கு யானைப் பேட்டை நீரூற்றில் ஞானஸ்நானம் கொடுத்து, அவனையும் யானைக்காரனாக்கிவிட்டாள். அந்த விருந்தில் ஒர்நெல்லா எழுந்து நின்று, "அப்பா ரத்தத்தை வித்துட்டியேடி, பாவி!" என்று கத்தினாள். செத்தாலும் அந்தத் தெருவில் கால் வைப்பதில்லை என்று சபதம் போட்டுவிட்டு வந்தாள். தங்கையும் லேசுப்பட்டவளில்லை, சமாதானத்துக்கு வரவில்லை. கூப்பிடு தூரத்தில் இரண்டு வீடு, பேச்சு மட்டும் கிடையாது.

இந்த வருஷம் பந்தயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ரொட்டிக் கடையில் அந்தச் சேதி காதில் விழுந்தது. "நேத்து சாயங்காலம் யானைத் தெருவுக்கு ஆம்புலன்ஸ் வந்துச்சாம். அந்தத் தையக்காரி வீட்டுக்கு" என்றாள் கடைக்காரி செவேரா.

தையல்காரி என்றால் நீவெஸ்தான்.

"யாருக்காம்?"

செவேரா உதட்டைப் பிதுக்கினாள். "யாருக்குத் தெரியும்? இந்த வாரத்துல அவங்ககிட்டப் போய் எவ கேப்பா?"

நியாயம்தான். வாத்துப் பேட்டையில் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். ஒர்நெல்லா தங்கையின் எண்ணை மனப்பாடமாக அழுத்தினாள், மணி அடிப்பதற்குள் அணைத்தாள். என்னவென்று பேசுவது? உயிரோடு இருக்கிறாயா என்றா? அவர்கள் அம்மா, நீவெஸுக்கு இப்போது ஆகிற இதே வயதில் மாரடைப்பில் போனவள். வாங்கிய ரொட்டியை அவளால் ஒரு வாய்கூட விழுங்க முடியவில்லை.

அன்றைக்கென்று ஊர் சுற்றிப் பார்க்க வந்தது ஒரே ஒருத்தி. டென்மார்க்கிலிருந்து வந்த பிர்கித் அம்மாள், கைத்தடியும் வாய் நிறையப் பேச்சுமாக இருந்தாள். சதுக்கத்தையும் பெரிய மாதா கோயிலையும் மரியாதைக்குப் பார்த்து முடித்தாள்.

"இதெல்லாம் படத்துலயே பாத்துக்கலாம்மா. நான் தேடி வந்தது ஒரு வீட்டை. கல்யாணமான புதுசுல நானும் என் வீட்டுக்காரரும் இங்க வந்தோம். வெயில்ல மயங்கி விழுந்துட்டேன். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தி என்னை உள்ள இழுத்துட்டுப் போய், பீச் பழத்தை அறுத்து ஒயின்ல போட்டுக் குடுத்தா. என் வீட்டுக்காரர் அவ மாமனாரோட சீட்டாடித் தோத்தார். என் வீட்டுக்காரர் கண்ணை மூடற வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். தெருப் பேரு சலிகோத்தோ."

சாக்கடை வேலை ஒர்நெல்லாவின் நாக்கு நுனி வரை வந்தது. "போலாம், வாங்க" என்றாள். சொன்ன பிறகுதான் போட்ட சபதம் ஞாபகம் வந்தது.

தெரு முனையில் யானைப் பேட்டை ஆட்கள் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். "என்னக்கா, வழி தவறிட்டீங்களா? குளம் அந்தப் பக்கம்!" என்றான் ஒருவன். இன்னொருவன் "குவாக், குவாக்!" என்றான். வேறொரு நாளாக இருந்தால் இருவரையும் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். இன்றைக்கு அவள் கண்ணெல்லாம் தங்கை வீட்டின் மேல் இருந்தது.

கதவு சாத்தியிருந்தது. மாடிச் சன்னல்கள் அத்தனையும் சாத்தியிருந்தன. ஆகஸ்ட் வெயிலுக்கு ஊரே சன்னலைச் சாத்தும் என்பது அவளுக்கு மறந்தே போயிற்று.

"நீவெஸ்!" யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மறுபடியும் கத்தினாள், தெருவே திரும்பிப் பார்த்தது. "நீவெஸ்!"

சன்னல் படாரென்று திறந்தது. "எவடி அவ, மத்தியானத் தூக்கத்தைக் கெடுக்கிறது?" தலைவிரி கோலமாக எட்டிப் பார்த்தாள் நீவெஸ். பார்த்தவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "அடேங்கப்பா! வாத்து நம்ம தெருவுலயா மேயுது?"

ஒர்நெல்லா வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஆம்புலன்ஸ் வந்துச்சுன்னாங்கடி..."

"எனக்கில்ல, இந்த மனுஷனுக்கு. கொடி கட்டுறேன்னு ஏணி ஏறி, காலை முறிச்சுட்டுக் கிடக்கார்."

"அப்பாடா! கால்தானே!"

"கால்தானேவா?" உள்ளேயிருந்து குவால்தியேரோவின் குரல் வந்தது. "வலிக்குது, அக்கா! சும்மா சொல்றேன், யாரும் கேக்கலைன்னாலும்!"

தெருவே சிரித்தது. பிர்கித் அம்மாளும் சிரித்தாள்.

நீவெஸ் வெறுங்காலோடு இறங்கி வந்தாள். "கூறுகெட்டவளே, ஒரு போன் பண்ணா விரல் தேஞ்சா போயிடும்?"

"பண்ணேன். மணி அடிக்கறதுக்குள்ள வெச்சுட்டேன்."

நீவெஸ் அவளைப் பிடித்து எழுப்பினாள். "நானும் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அதைத்தான் பண்றேன்" என்றாள்.

மேலே போனார்கள். "இது அந்த வீடில்ல, அங்க படி இந்தப் பக்கம் இருந்துச்சு" என்றாள் பிர்கித் அம்மாள். பரவாயில்லை என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, குவால்தியேரோவிடம் கால் முறிந்த கதையை முதலிலிருந்து கேட்டாள்.

நீவெஸ் தட்டு வைத்தாள். "பந்தயம் முடியற வரைக்கும் உன்கூடப் பேச மாட்டேன், தெரிஞ்சுக்கோ. இப்ப சாப்பிடு."

"நான் மட்டும் பேசுவேனாக்கும்!" என்றாள் ஒர்நெல்லா. ஆனால் தங்கையின் வலது மணிக்கட்டைப் பிடித்தவள் விடவே இல்லை. நீவெஸ் அவளைத் திட்டிக்கொண்டே இடது கையால் சாப்பிட்டு முடித்தாள்.