பாண்டிமீனா வருகிற நாள்

பிரஷர் பட்டையைக் கையில் சுற்றிய பிறகும் பாண்டிமீனா பொத்தானை அழுத்த மாட்டாள். ஆடு குட்டி போட்டதா, மகளிடமிருந்து போன் வந்ததா என்று எதையாவது கேட்டுக்கொண்டிருப்பாள். எதிரே இருப்பவர் பேசி ஓய்ந்து ஒரு பெருமூச்சு விட்ட பிறகுதான் விரல் பொத்தானுக்குப் போகும். "வெயில்ல வந்த ஆளுக்கு ஒடனே பாத்தா மிசினு கூடத்தான காட்டும்" என்பாள்.

பேரையூரைச் சுற்றியுள்ள ஏழு ஊர்களுக்கு அரசு கொடுக்கும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. வயது நாற்பத்திரண்டு. பழைய மொபெட், தோளில் நீலப் பை. எழுத்துத் தெரியாதவர்களுக்காக மாத்திரை அட்டையில் பேனாவால் சூரியனும் பிறையும் வரைந்து கொடுப்பாள். சூரியனுக்குக் கண் மூக்கு உண்டு, பிறைக்குக் கிடையாது. கேட்டால், "அது தூங்குதுல்ல" என்பாள்.

தங்கை ரோகிணி இங்கிலாந்தில் நர்ஸ். ஞாயிறு மத்தியானம் போனில் இருவருக்கும் வழக்கமான சண்டை, எந்த நாட்டு வைத்தியம் உசத்தி என்று. அங்கே ஆஸ்பத்திரியில் யாரும் பணம் கேட்பதில்லை, ஆனால் மூட்டு ஆபரேஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பாள் ரோகிணி. இங்கே காலையில் சீட்டு வாங்கினால் மத்தியானத்துக்குள் டாக்டரைப் பார்த்துவிடலாம் என்று அக்கா பீற்றிக்கொள்வாள். படுக்கக் கட்டில் கிடைக்குமா என்று தங்கை மடக்குவாள். ரோகிணியோடு படித்தவள் ஒருத்தி அமெரிக்காவில் செலவு கட்டுப்படியாகாமல் மதுரைக்கு வந்து பல் பிடுங்கிக்கொண்டு போன கதைக்கு மட்டும் இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

அவள் போகும் வீடுகளில் கருப்புவினுடையதும் ஒன்று. கப்பலூர் ஆலையில் இருபது வருடம் மூட்டை ஏற்றிவிட்டு ஊர் திரும்பிய மனிதர். சர்க்கரை நோய். மனைவி இறந்துவிட்டாள், மகன் திருப்பூரில். "சும்மா குடுக்குற மாத்திரைல என்னா இருக்கப்போகுது தாயி" என்று சொல்லிக்கொண்டே வாங்கி வைப்பார். அவளும் வாதாடாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

பங்குனியில் ஒரு நாள் அவர் எழுந்து வரவில்லை. காலின் மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தார். முள் குத்தியதுதான் என்றார். பாண்டிமீனா துண்டை விலக்கினாள். சுண்டுவிரல் கருகிப்போயிருந்தது. ஒரு வார்த்தை திட்டாமல் நூற்றியெட்டுக்குப் போன் செய்துவிட்டு, ஆம்புலன்ஸில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

திருமங்கலம் தாண்டும்போது கருப்பு வாய் திறந்தார். "நீ குடுத்த மாத்திரை அம்புட்டும் மஞ்சப்பைலதான் கெடக்கு தாயி."

"தெரியும்ண்ணே."

தெரிந்தும் ஒரு நாள்கூட அழுத்திக் கேட்கவில்லையே என்பது மதுரை வந்து சேரும்வரை அவள் நெஞ்சை அறுத்தது.

விரல் போயிற்று, கால் தப்பியது. பன்னிரண்டு நாள் கழித்து வீடு திரும்பியவரை, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து கட்டு மாற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நாலு கிலோமீட்டர். பஸ் வரும் நேரமும் நர்ஸ் இருக்கும் நேரமும் ஒத்துப்போகவில்லை. முதல் தடவையே அவர் போகவில்லை.

அந்த ஞாயிறு ரோகிணி இதைக் கேட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள். "இங்கன்னா நர்ஸு வீட்டுக்கே வந்து கட்டு மாத்திட்டுப் போவாங்கக்கா. நடக்க முடியாதவங்களக் கவர்மெண்டுதான் தேடி வரணும்."

"நல்ல ஏற்பாடுதாண்டி" என்று பாண்டிமீனா ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் கருப்புவைக் கட்டு மாற்றக் கூட்டிப்போக மொபெட்டை அவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். பொம்பளைப் பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்து போனால் ஊர் என்ன சொல்லும் என்று கருப்பு தயங்கினார். ஊருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்று கையைப் பிடித்து ஏற்றினாள்.

கண்மாய்க் கரைப் பாதையில் புதிதாகச் சரளை கொட்டியிருந்தது. முதல் குலுக்கலிலேயே அவர் மூச்சை இழுத்துப் பிடிப்பது முதுகுக்குப் பின்னால் கேட்டது. பாண்டிமீனா எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். கூடவே இறங்கப் பார்த்தவரைத் தோளில் அழுத்தி உட்கார வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பெரிய கல்லாகப் பார்த்துக் காலால் ஒதுக்கியபடி, சரளை முடியும்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தாள்.