பதினைந்து மங்குத் தண்ணீர்

என் வீட்டுக்காரர் ஸ்டானிஸ்லாஸ், சிங்கப்பூருக்கு வடக்கே செனாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் டிரெசராக இருந்தார். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும் புண்ணைக் கழுவிக் கட்டுவதும்தான் வேலை. அதோடு சும்மா இருந்திருக்கலாம். அந்த மனுஷனால் முடியாது.

பால்வெட்டுக் கத்தி பட்டு விரல் மடங்காமல் போனவர்கள் எங்கள் லயத்து வீடுகளில் நாலைந்து பேர். விரலை மடக்கும் நரம்பு உள்ளே அறுந்திருக்கும். மேல்தோலை மட்டும் தைத்து அனுப்புவார்கள். இவருக்கு அது பொறுக்கவில்லை. ஆட்டுக்கால் வாங்கி வந்து, அதன் நரம்பை அறுத்துப் பட்டு நூலால் தைத்து, என் அடுப்படி உத்தரத்தில் கட்டி, அதில் வாளியைத் தொங்கவிடுவார். ரப்பர் பால் பிடிக்கும் மங்கால் வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவார். நேர்த்தையல் ஏழாவது மங்கில் பிய்ந்தது. குறுக்கே பின்னிய தையல் பதினைந்து தாங்கியது.

"தச்ச கால கொழம்புல போட்டா எவ சாப்பிடுவா?" என்றேன்.

"நூல உருவிட்டுப் போடு, அமலோற்பவம்," என்றார், வாளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முப்பத்தொன்றாம் வருஷம், பால் வெட்டும் வெள்ளையம்மா சரிவில் வழுக்கிக் கத்திமேல் வலக்கையை ஊன்றிவிட்டாள். நாலு விரலுக்கும் நரம்பு போய்விட்டது. மாதம் இருமுறை வரும் டாக்டர் அன்று இருந்தார். வாளிச் சோதனையை அவரும் பார்த்திருந்ததால், பக்கத்தில் நின்று இவரையே தைக்கவிட்டார். மூன்று வாரம் கட்டைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரப்பருக்கு விலை இல்லாத வருஷம் அது. வேலைக்கு ஆகாதவர்களை ஊருக்குத் திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். வெள்ளையம்மாவுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் யாருமில்லை. ஒரே மகள் தனலெட்சுமி இதே தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டு, ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தாள்.

தைத்த ஒன்பதாம் நாள் காலை பெரட்டில், ஆள் எண்ணும்போது, கங்காணி சொல்லிவிட்டார்: இன்றைக்குத் துரை வருகிறார், கத்தி பிடிக்காத கைக்கெல்லாம் கப்பல்தான்.

வெள்ளையம்மா தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். நானும் அப்போது அங்கே இருந்தேன். "அய்யா, கட்ட அவுத்து விடுங்க. ஒரு மரம் வெட்டிக் காட்டினா போதும். பேரப்புள்ளயப் பாத்துட்டுப் போறேன்."

"டாக்டர் மூணு வாரம்னாரே," என்றேன்.

"கத்தி ஒரு மங்கு கனங்கூட இல்ல. இது பதினஞ்சு தாங்கின தையல்," என்றார் இவர். நானும் அதற்குமேல் தடுக்கவில்லை. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஆஸ்பத்திரி வாசல் மரத்தடியில், துரைக்கு முன்னால், வெள்ளையம்மா கத்தியைப் பிடித்தாள். விரல் மடங்கியது. இவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை எங்கள் கலியாணத்தன்றும் நான் பார்த்ததில்லை. பாதிப் பட்டை வெட்டுவதற்குள் கத்தி கீழே விழுந்தது. நாலு விரலும் நீட்டியபடி நின்றன.

தைத்த இடத்தை இவர் மறுபடி பிரித்துப் பார்த்தார். நூல் அறவில்லை, முடிச்சு அவிழவில்லை. ஆனால் உயிருள்ள நரம்பு வீங்கி, ஊறின ரொட்டியாய் இளகியிருந்தது. நூல் அதைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. செத்த ஆட்டு நரம்பு அப்படி இளகுமா?

"ஒம்பது நாள் ஆறின நரம்பு எந்தக் கசாப்புக்கடையில கெடைக்கும், அமலோற்பவம்?" என்று கேட்டு அழுதார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் நரம்பு தைக்கவில்லை.

கப்பலுக்கு ஆள் ஏற்றிய லாரி சிங்கப்பூருக்குப் புறப்பட்ட அன்று இவரும் வந்து நின்றார். வெள்ளையம்மா இவரைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "போயிட்டு வரேங்க அய்யா," என்று மட்டும் சொன்னாள். தனலெட்சுமி வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையால் லாரியின் மேலிருந்த அம்மாவின் வலக்கையைப் பிடித்திருந்தாள். லாரி நகர்ந்தது. கூடவே கொஞ்ச தூரம் ஓடினாள். அம்மாவின் அந்தக் கையால் அவளைத் திருப்பிப் பிடிக்க முடியவில்லை.