வள்ளத்துக்குக் காத்திருந்த சிவப்புக் கோடு

எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றை விழா மலருக்கு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். உள்ளூர் ரீச்சர்தானே, இவளுக்கு வேறு என்ன வேலை என்ற நினைப்பாக்கும். அதிபர்களின் பட்டியல், கட்டடங்கள் திறந்த விபரம் எல்லாம் ஒரு கிழமையில் எழுதி முடித்தேன். வாசித்துப் பார்த்தால் உப்பில்லாத கஞ்சி. அதனால்தான் அலுமாரியில் கிடந்த பழைய ஆசிரியர் வரவு இடாப்புகளைத் தூசு தட்டி எடுத்தேன்.

இப்போது விரல் வைக்கும் மெசின் வந்துவிட்டது. அப்போது நாளுக்கு ஒரு பக்கம். முதல் வரியில் அதிபர் ஒப்பமிடுவார், பிறகு நாங்கள். ஏழரைக்கு அவர் சிவப்புப் பேனையால் கோடு கீறவேண்டும். அதற்குக் கீழே ஒப்பமிட்டவர் பிந்தி வந்தவர். அப்படிச் சில நாட்கள் சேர்ந்தால் அரைநாள் லீவு போய்விடும்.

எங்கள் அதிபரின் கோடு லேசில் விழாது. குறிகட்டுவான் துறையிலிருந்து வள்ளம் வந்து, யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் நனைந்த செருப்போடு நடந்து வந்து ஒப்பமிட்ட பிறகுதான் விழும். கடல் கொந்தளிக்கும் சோளகக் காற்றுக் காலத்தில் எட்டரையும் ஆகும். அவர்களில் ஒருவர் கணித மாஸ்டர். உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்க அவரை விட்டால் ஆளில்லை. அவர் போனால் வகுப்பை மூடவேண்டியதுதான். வசதியுள்ள பிள்ளைகள் பட்டணத்தில் தங்கிப் படிக்கும், மற்றதுகள் கணிதத்தையே விட்டுவிடும். இடமாற்றப் படிவத்தை அவர் நிரப்பி வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் வள்ளம் நேரத்துக்கே வந்தது. கோடும் நேரத்துக்கே விழுந்தது. அன்றைக்கென்று பார்த்து அம்மாவுக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்துவிட்டு ஓடிவந்த நான் ஐந்து நிமிடம் பிந்திவிட்டேன். கோட்டுக்குக் கீழே தனியாக என் ஒப்பம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வள்ளத்தில வாறவைக்கு ஒரு நியாயம், நடந்து வாற எனக்கு ஒரு நியாயமோ சேர்?"

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வள்ளம் வேளைக்கு வந்த நாளிலயாவது கோடு நேரத்துக்கு விழவேணும் ரீச்சர். இல்லாட்டி கல்விக் கந்தோரால வந்து கேக்கேக்க நான் வாய் திறக்க ஏலாது. நீர் கோவிச்சாலும் நாளைக்கு வருவீர். கணித மாஸ்டர் கோவிச்சால் வரமாட்டார்."

எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. வராமல் விடமாட்டேன் என்று தெரிந்துதானே என் தலையில் மிளகாய் அரைக்கிறார். அன்றிலிருந்து ஒரு மாதம் "ஓம் சேர்" என்பதைத் தவிர அவரோடு ஒரு சொல் பேசவில்லை. கணித மாஸ்டர் படிவத்தைக் கொடுக்கவே இல்லை. வகுப்பு தப்பியது.

அந்த நாளின் பக்கம் இப்போது கையில் அகப்பட்டது. முதல் வரியில் இருந்த அதிபரின் ஒப்பம் சிவப்புப் பேனையால் வெட்டப்பட்டிருந்தது. கோட்டுக்குக் கீழே என் ஒப்பம். அதற்கும் கீழே, நான் கோபித்துக்கொண்டு போன பிறகு இட்டிருக்கவேண்டும், அவருடைய ஒப்பம்.

பள்ளி விடுதியிலேயே குடியிருந்த மனிசன், ஒருநாளும் பிந்தாதவர். அவர் செத்தும் கனகாலம். அந்த ஒரு மாதமும் நான் அவர் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லையே.