கதவைச் சாத்திக்கொண்டு தின்ற இட்லி

என் கணவர் இறந்து எட்டு மாதமாகியும் எனக்கு அழுகை வரவில்லை. ஜமுனாமரத்தூரில் வாரம் ஒருநாள், வீட்டில் ஒருவரை இழந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டத்துக்குப் போனேன். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது என்பதுதான் அங்கே விதி. மூன்று வாரம் நான் வாயே திறக்கவில்லை.

நான்காம் வாரம், மகனைப் பறிகொடுத்த ஜீப் ஓட்டுநர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “பையன வூட்ல கெடத்தியிருக்கு, எனக்குப் பசிக்குதுங்க. பின்னால போய் ஒளிஞ்சிக்கினு சோறு துன்னேன்.”

யாரும் முகம் சுளிக்கவில்லை.

“நானுந்தாங்க” என்றேன். “அவரு வெளிய கெடக்குறாரு. நான் கதவ சாத்திக்கினு இட்லி துன்னேன்.”

இன்றும் எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் அன்று ஆலங்காயம் பஸ்ஸில் வேர்க்கடலை வாங்கி, எல்லோரும் பார்க்கத் தின்றேன்.