புல்வெளி ஓரத்துச் செருப்பு

அப்பாவை நினைத்தால் முதலில் கண்ணில் நிற்பது ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு. அடையாறில் அவர் தோட்ட வேலை பார்த்த வீட்டின் புல்வெளி ஓரத்தில் காலை வேளைகளில் அது தனியாகக் கிடக்கும். அப்பா வெறுங்காலோடு நாலு எட்டு நடந்துவிட்டு, திரும்பி நின்று தன் தடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மிதிபட்ட புல் நிமிர்ந்துவிட்டால் அன்றைக்கு ஓஸ் பைப்பைத் தொடமாட்டார். தடம் அப்படியே பதிந்து கிடந்தால்தான் தண்ணீர். "இன்னா நைனா, புல்லுக்கு ஜுரம் பாக்குறியா?" என்பார் அந்த வீட்டு டிரைவர். "ஜுரம் இல்லப்பா, தாகம். சும்மா சும்மா ஊத்துனா வேரு சோம்பேறி ஆய்டும்." லாரித் தண்ணீர் வாங்கிய கோடைகளிலும் அந்தப் புல் கருகியதில்லை.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். கடைசி வருடத்தில், நேரம் குறித்துவைத்தால் தானாகவே தண்ணீர் தெளிக்கும் கருவி ஒன்றைச் செய்தேன். தண்ணீர் மிச்சமாகும் என்று மனதார நம்பினேன். அப்பாவுக்கு முதுகுவலி வேறு. பைப்பை இழுக்க வேண்டாமே என்று நானே போய் அந்த வீட்டில் பொருத்திக் கொடுத்தேன். "உன் பிள்ளை கெட்டிக்காரன்ப்பா. எங்காத்துல இருக்கறதுகளுக்கு இதெல்லாம் தோணுமா?" என்றார் வீட்டுக்கார அம்மா. அப்பா முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். அடுத்த மாதம் அதே அம்மா, "இனிமே மாசத்துக்கு ஒருநாள் வந்து புல்லை வெட்டிட்டுப் போனாப் போறும்ப்பா" என்றார், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல்.

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒருநாள் காலை, மந்தைவெளியில் எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தபடி, "இந்நேரம் தண்ணி வுட்டுக்கினு இருக்கும். இன்னிக்கு வேணுமா வேணாமான்னு அதுக்கு யார்ரா சொல்லுவாங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. போன ஐப்பசியில் அவர் போய்விட்டார்.

இப்போது எனக்குத் தரமணியில் வேலை. அலுவலகத்துக்கு முன்னால் அகலமான புல்வெளி. நேற்று மாலை, மழை விட்டிருந்த நேரம், எல்லோரும் பஸ்ஸுக்குப் போனபின் ஷூவைக் கழற்றி ஓரத்தில் வைத்துவிட்டு நாலு எட்டு நடந்தேன். "இன்னா சார், எதுனா தொலைச்சிட்டீங்களா?" என்று குரல் கொடுத்தார் வாட்ச்மேன். "ஒண்ணுமில்லண்ணே" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். என் தடத்தில் புல் மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் வேண்டாம். அதைக் கருவிக்குச் சொல்ல அங்கே ஆளில்லை. மணி ஆறானதும் புல்வெளி நெடுகத் தெளிப்பான்கள் தாமாகவே சீறின. ஓரத்தில் என் ஷூ நனைந்துகொண்டிருந்தது.