தலையணையின் தூக்கம்

ஆயுதக் கிடங்குக் காவலிலேயே பதினோரு வருடம் தேய்ந்தவர் அந்தச் சிப்பாய். என்ன பாடுபட்டாலும் அவருக்குத் தூக்கம் மட்டும் வராது. அவரோடு முறை மாற்றி நிற்கும் இளையவனுக்கோ முதுகு கட்டிலில் பட்டால் போதும். முகாமே அவனுக்குத் ‘தலையணை’ என்று பெயர் வைத்திருந்தது. பூட்ஸைக் கழற்றுவான், கட்டையாகச் சாய்வான், அவ்வளவுதான். பக்கத்துக் கட்டிலில் இவர் கொட்டக் கொட்ட விழித்தபடி அவனைப் பார்ப்பார். வயிறு பற்றி எரியும். அடுத்தவன் சம்பளத்தைக் கண்டு பொறாமைப்பட்டால் ஒரு நியாயம் உண்டு. மூடிய கண்ணைக் கண்டு பொறாமைப்படுகிற மனுஷனை என்ன சொல்ல!

அந்த மாதம் பதவி உயர்வு ஒரே ஒருவருக்குத்தான். இருவர் பெயரும் பட்டியலில் இருந்தது. இவர் அதிகாரியிடம் போய்ப் பவ்யமாகப் போட்டுக் கொடுத்தார்.

“அவன் நின்னுக்கிட்டே தூங்குற ஆளு சார். அவன் முறையையும் நானே பாத்துக்கறேன்.”

யார் நின்றால் என்ன என்று அதிகாரியும் தலையாட்டிவிட்டார்.

மறுநாள் நண்பகலில் இவர் காவல் முடித்து வந்தபோது இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. காவல் முடிந்ததும் துப்பாக்கியைக் காலி செய்வதற்காக ஓய்வறைச் சுவரை ஒட்டி ஒரு மணல் பீப்பாய். அதற்குள் துப்பாக்கிக் குழலை நீட்டி, முதலில் குண்டுகள் அடைத்த மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகுதான் போல்ட்டை இழுத்து, உள்ளே காலியா என்று பார்த்து, விசையை அழுத்த வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. ஆனால் அவர் கண் ஜன்னலுக்குப் போனது. உள்ளே தலையணை வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். ‘உன் முறையில நான் நிக்கறேன், சுகம் மட்டும் உனக்காடா!’

கை முதலில் போல்ட்டை இழுத்தது. ஒரு குண்டு உள்ளே ஏறியது. அதற்குப் பிறகு மேகசினைக் கழற்றினார். உள்ளே பார்க்கவில்லை. குழல் மணலுக்குள் இல்லை என்பதும் உறைக்கவில்லை. அழுத்தினார்.

ஜன்னல் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. கட்டிலுக்கு ஒரு சாண் மேலே சுவரில் ஓட்டை. தலையணை விருக்கென்று எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே பூட்ஸைத் தேடினான்.

“என் முறை வந்துருச்சாண்ணே?”

ஓடி வந்த அதிகாரி இவர் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கினார்.

“இருபத்தாறு மணி நேரமாய்யா? தூக்கக் கலக்கம், தெரியாம நடந்துபோச்சுன்னு எழுதிக்குடு. நானும் கையெழுத்துப் போடறேன். உன் பேரு பட்டியல்லயே இருக்கட்டும்.”

“கலக்கம்தான் சார். ஆனா அதை நானே கேட்டு வாங்கினேன். அவன் நின்னுக்கிட்டுத் தூங்கி நான் பார்த்ததே இல்ல. அவன் நல்லாத் தூங்குறது எனக்குப் பொறுக்கல. அப்படியேதான் எழுதித் தருவேன்.”