மூன்று ஷிப்ட் தூரம்

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருட்டாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்த என் தந்தை, காலத்தை ஷிப்ட்டால்தான் அளப்பார். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட்; அது முடிந்தால்தான் ஆலையின் கேட் திறக்கும். பேருந்து மாறி மாறிப் பொதட்டூர்பேட்டை அத்தை வீட்டுக்குப் போய்ச்சேர அரை ஷிப்ட்.

சிங்கப்பூரில் எனக்கு நூலக வேலை கிடைத்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எத்தினி ஷிப்ட்டும்மா ஆவும்?"

"மூணு, நைனா" என்றேன்.

சென்னையிலிருந்து விமானம் அந்த மூவாயிரம் கிலோமீட்டரை நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் கடந்துவிடும். அதாவது, அத்தை வீட்டுத் தூரம். அது தெரிந்தால் அடிக்கடி வரச்சொல்வாரோ என்று அஞ்சினேன். வர மனமில்லை என்பதைக் காட்டிலும் தூரம் என்பது நாகரிகமான சொல்லாகத் தோன்றியது.

சொன்ன பொய்யைக் காக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை ஊர் வந்து திரும்பும்போதும், இறங்கியவுடன் அவரை அழைக்கமாட்டேன். வீட்டுக்குப் போய்க் குளிப்பேன், சமைப்பேன், உறங்குவேன். மறுநாள்தான் "சேந்துட்டேன், நைனா" என்பேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். எவ்வளவு நேரமாகக் கைப்பேசியைக் கையில் வைத்திருந்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அம்மா இறந்து ஓராண்டு ஆனபோது, முதல் தெவசத்துக்கு வரச்சொல்லி அப்பா அழைத்தார். "போக மூணு, வர மூணு. லீவு பத்தாது, நைனா" என்றேன்.

"வோணாம்மா, அவ்ளோ தூரம் அலையாத. நான் பாத்துக்கறேன்."

சென்ற ஆண்டு விடுமுறையில் வந்திருந்தபோது, சிங்கப்பூரிலேயே கப்பல் பட்டறையில் வேலை செய்யும் எதிர்வீட்டுக்காரரும் ஊருக்கு வந்திருந்தார். அப்பாவைப் பார்க்க வந்தவர், தேநீரை ஊதியபடி சொன்னார்:

"காலைல அங்க நாஷ்டா துன்னுட்டு ஏறினேன், பெரியப்பா. மதியம் பொன்னேரில பிரியாணி. பிளைட்டு நாலு மணி நேரந்தான். ஏர்போர்ட்டுலேர்ந்து நம்ம ஊரு வர்றதுதான் பேஜாரு."

நான் சுவரைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"உனுக்கு இன்னாப்பா, எறங்குனா பட்டறை" என்றார். "எம் பொண்ணு ஊடு அந்தக் கோடில கீது. எறங்கி ரொம்ப தூரம் போவணும்."

அந்தத் தீவின் எந்தக் கோடியும் அத்தனை தூரம் இல்லை என்பது எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் ஒருமுறை என்னை ஏறிட்டுவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தார். அப்பாவின் குரலில் தடுமாற்றமே இல்லை. இந்த விடையை அவர் முன்பே பலரிடம் சொல்லிப் பழகியிருக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பொய்யை என்னைவிடக் கவனமாக அவர் காத்துவந்திருக்கிறார்.

இரண்டு நாள் கழித்துக் காலை விமானத்தில் கிளம்பினேன். இறங்கி, பெட்டிக்குக்கூடக் காத்திராமல் அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சேந்துட்டேன், நைனா."



"இன்னாம்மா, அரை ஷிப்ட்லயே கேட்டத் தொறந்து உட்டுட்டானா?"

சிரித்தார். என்னால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. "அடுத்த தெவசத்துக்கு வந்துடறேன்" என்றேன்.

"வா வா" என்றார். பிறகு, வழிக்குக் கட்டுச்சோறு கட்டித் தருபவர்போல, அடுத்த சாக்கையும் எடுத்துத் தந்தார்: "ஆனா, உனுக்கு லீவு கெடைக்கணுமேம்மா."